உலைப் புத்தகத்தின் வெள்ளைத் தாள்

நிவேதா போன மாதம் என் வீட்டுக்கு வந்தபோது ஒரு பெரிய புகைப்படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். கிழக்குத் தாம்பரத்தில் நான் பதினாறு ஆண்டுகள் வேலை பார்த்த நூலகத்தில் இப்போது இருப்பவள் அவள். அங்குள்ள பழைய புத்தகங்களைத் தாள் தாளாகப் படம் எடுத்துக் கணினியில் ஏற்றுகிறார்கள். படத்தை என் மேஜையில் விரித்து, நான்கு மூலையிலும் என் மருந்துப் புட்டிகளையே பாரமாக வைத்தாள்.

“சார், இது உலைப் புத்தகத்தோட நாற்பத்தேழாவது தாள். முன்னாடி தாளும் பழுப்பு, பின்னாடி தாளும் பழுப்பு. இது மட்டும் பால் மாதிரி இருக்கு. முந்நூறு வருஷத்துப் பேப்பர் சார்! நீங்க பண்ணதுன்னு சொன்னாங்க. என்ன டெக்னிக்? எங்க ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரையா எழுதிக் குடுங்களேன்.”

எழுதுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். டெக்னிக்கையும் எழுதத்தான் போகிறேன். ஆனால் அந்தத் தாள் எப்படி வெளுத்தது என்ற கதையை விட்டுவிட்டு டெக்னிக்கை மட்டும் எழுதினால், அன்று செய்த தப்பையே இன்னொரு முறை செய்தவனாவேன்.

அது டாக்டர் ரெபெக்கா மேடத்தின் சேகரிப்பு. மேடம் வேதியியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ரசவாதம் பற்றி ஐரோப்பாவில் பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் அச்சான புத்தகங்களையும் செப்புத் தகட்டுப் படங்களையும் வாழ்நாள் முழுவதும் சேர்த்தவர். ஈயத்தைப் பொன்னாக்கப் புறப்பட்டவர்களின் உலைகள், காய்ச்சி வடிக்கும் வாலைகள், சிங்கம் சூரியனை விழுங்கும் படங்கள், ராஜாவும் ராணியும் ஒரே தொட்டியில் குளிக்கும் படங்கள். “இந்தப் பைத்தியத்தை எல்லாம் எதுக்கு மேடம் சேர்க்கிறீங்க?” என்று வருகிறவர்கள் கேட்பார்கள். “கெமிஸ்ட்ரி குழந்தையா இருந்தப்போ எடுத்த போட்டோ ஆல்பம் இது. குழந்தை மண்ணைத் தின்னா போட்டோவைக் கிழிச்சுடுவீங்களா?” என்பார் மேடம்.

நான் அங்கே சேர்ந்தது எண்பத்திரண்டில். பி.எஸ்சி. வேதியியல் படித்துவிட்டு, மவுண்ட் ரோடு பக்கம் ஓர் அச்சகத்தில் ஏழு வருடம் படம் அச்சடிக்கத் துத்தநாக பிளாக் செய்துகொண்டிருந்தேன். நைட்ரிக் அமிலத்தில் விரல் நுனியெல்லாம் மஞ்சளாக இருக்கும். நேர்காணலில் மேடம் என் சான்றிதழ்களைத் திறக்கவே இல்லை. மேஜை மேல் ஒரு துண்டை விரித்து, அதற்கடியில் இரண்டு படங்களை வைத்தார். “பார்க்காதீங்க. கையை உள்ளே விட்டுச் சொல்லுங்க” என்றார்.

செப்புத் தகட்டை ஈரத் தாளின் மேல் வைத்து அழுத்தும்போது தகட்டின் விளிம்பு தாளில் பதிந்து ஒரு பள்ளம் விழும். விரலுக்கு அது தெரியும். இடது பக்கத்துப் படத்தில் வரப்பு மாதிரி அது ஓடியது. வலது பக்கம் மழமழவென்று இருந்தது.

“இது தகடு. அது நகல்.”

“எப்ப சேர்றீங்க?”

பயிற்சி என்று சொல்ல அவ்வளவுதான். பிறகு செங்கல்பட்டில் ஓய்விலிருந்த ஒரு பாதிரியாரிடம் ஞாயிறுதோறும் போய் இரண்டு வருடம் லத்தீன் படித்தேன். அட்டை கட்டவும், தாள் ஒட்டவும், நூலால் தைக்கவும் புத்தகங்களைப் பிரித்துப் பிரித்தே கற்றுக்கொண்டேன்.

மேடத்தின் வேலை முறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. புத்தகத்தைத் தொடுமுன் சாதா சோப்பால் கை கழுவ வேண்டும். இரண்டு துண்டுகளில் துடைக்க வேண்டும். பிறகு வாசலில் ஒரு மையொற்றுத் தாள் தொங்கும். அதில் ஐந்து விரலையும் அழுத்திக் காட்ட வேண்டும். ஈரப் புள்ளி ஒன்று விழுந்தாலும் திரும்பப் போய்த் துடைக்க வேண்டும். அமைச்சர் வந்தாலும் இதுதான். கார்த்திகை, மார்கழியில் தாம்பரம் கிழக்கே தெருவெல்லாம் தண்ணீர் நிற்கும்போது, அலமாரிகளின் அடித்தட்டில் இருபத்தைந்து வாட் பல்பு எரியும். மூலைகளில் வசம்புத் துண்டுகள் இருக்கும். பூச்சி உருண்டை அவருக்குப் பிடிக்காது. “என் புத்தகம் கல்யாணப் புடவை மாதிரி நாறக் கூடாது” என்பார்.

எல்லாவற்றுக்கும் மேலே, சீட்டு. எந்தப் புத்தகம் உள்ளே வந்தாலும், அதில் கை வைக்குமுன் அதன் நிலைமையை ஒரு சீட்டில் எழுத வேண்டும். எத்தனை தாள், எத்தனை ஓட்டை, எங்கே கறை, எங்கே கையெழுத்து, எந்த மூலையில் எண்ணெய். தாள் வாரியாக, வரி வரியாக. மேடம் கிறிஸ்தவர், ஆனால் அந்தச் சீட்டுக்கு அவர் வைத்த பெயர் ஜாதகம். “ஜாதகம் எழுதாம கை வைக்காதீங்க பாலு. நாம அதுக்கு அப்புறம் என்ன பண்ணாலும், அது எப்படி வந்துச்சுன்னு இந்தச் சீட்டு ஒண்ணுதான் சொல்லும்.” சீட்டின் கீழே எழுதியவர் கையெழுத்துப் போட வேண்டும். மேடம் தன் கண்ணை விடச் சீட்டை நம்புவார்.

அந்தப் பதினாறு வருடங்களில் செய்த வேலைகளை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிமிர்கிறது. அதை மறைக்கப் போவதில்லை. ஒன்றைச் சொல்கிறேன். எண்பத்து நாலில் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு பழைய சாமான் கடை. வள்ளி தெய்வானையோடு முருகன் படம், கண்ணாடி உடைந்தது, சட்டம் கறையான் அரித்தது. படத்தைத் திருப்பினேன். பின்பக்கம் அட்டைக்குப் பதிலாகக் கெட்டியான ஒரு பழுப்புத் தாளை ஆணியடித்திருந்தார்கள். அந்தக் காலத்தில் சட்டம் போடுகிறவர்கள் பழைய தடித்த தாள் எது கிடைத்தாலும் முதுகுக்கு வைத்து அடிப்பார்கள். விரலை ஓட்டினேன். வரப்பு இருந்தது.

“இன்னா சார், சாமி மூஞ்ச வுட்டுட்டு முதுவத் தடவிகினு கீறே?” என்றார் கடைக்காரர்.

“சட்டம் நல்லா இருக்கான்னு பார்க்கிறேன்.”

“சட்டம் பூராக் கறையான் துன்னுட்ச்சு. கண்ணு தெரியலியா ஒனக்கு? வேற படம் தரேன், லட்சுமி கீது.”

“இல்லைங்க, எனக்கு இந்த முருகன்தான் வேணும்.”

“குன்றத்தூர் முருகன் ஊர்க்காரனா நீ? இம்மா பக்தி!”

மின்சார ரயிலில் முருகனை மடியில் வைத்துக்கொண்டு தாம்பரம் வந்தேன். நூலகத்தில் மேடமும் நானும் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம். ஓர் உலைக்களம்: கிழவன் ஒருவன் துருத்தி ஊதுகிறான், மேலே ஆந்தை, சுவரில் மணல் கடிகாரம். மேடம் பூதக்கண்ணாடியை வைத்து அரை மணி நேரம் பார்த்தார். ஜெர்மன் தகட்டு வேலை, பதினாறாம் நூற்றாண்டின் கடைசி என்று முடிவானது. முருகனுக்குப் புதுக் கண்ணாடி, புதுச் சட்டம் போட்டு மேடம் என்னிடமே கொடுத்தார். “இத்தனை வருஷம் இதைக் காப்பாத்தினவர் அவர்தான். உங்க வீட்ல மாட்டுங்க” என்றார். இப்போதும் என் கூடத்தில் இருக்கிறார்.

இப்போது உலைப் புத்தகம்.

எண்பத்தொன்பது கோடையில் கடற்கரைப் பக்கத்துப் பழைய பங்களா ஒன்றைக் காலி செய்தபோது அது எங்களுக்கு வந்தது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் மருத்துவம் பார்த்த ஒரு பாதிரி ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த புத்தகம். லத்தீன் வாசகம், முழுப் பக்கச் செப்புத் தகட்டுப் படங்கள். ஒவ்வொன்றும் ஓர் உலை. அதனால் அதை நாங்கள் உலைப் புத்தகம் என்றோம். மேடத்துக்கு அப்போது இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. புத்தகத்தைத் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். “ஜாதகம் எழுதிடுங்க பாலு, நான் கண் ஆபரேஷனை முடிச்சுட்டு வந்து படிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு அறுவை சிகிச்சைக்குப் போனார். மூன்று வாரம் கழித்துத்தான் திரும்புவார். திரும்பிய மறுவாரம் நகரில் ஒரு கண்காட்சி. உலைப் புத்தகத்தை நாற்பத்தேழாம் தாளில் திறந்து வைப்பதாக ஏற்பாடு. அதுதான் இருப்பதிலேயே அழகான தகடு: தாமரை மொட்டு மாதிரி ஒரு பாத்திரம், அதன் கீழே மூன்று வாயுள்ள அடுப்பு.

அந்தத் தாளின் வலது ஓரத்தில் பழுப்புக் கறை. கறைக்குள்ளே நான்கு வரி கையெழுத்து. மங்கிய பழுப்பு மை. தமிழ்.

புள்ளி வைக்காத பழைய எழுத்து. ஓலையில் எழுதிப் பழகிய கை என்பது தெரிந்தது. எழுத்துகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். முதல் வரி கறையில் மூழ்கியிருந்தது. இரண்டாம் வரி ‘சீலை இல்லை’. மூன்றாம் வரி ‘ரசம் நில்லாது’. நான்காம் வரி நீளமாக இருந்தது, ஒரு பெயர் மாதிரி. அங்கே கண்ணாடியை எடுத்துவிட்டேன்.

இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ரசம் என்றால் பாதரசம் என்று தெரியாதவன் அல்ல நான். இருந்தும் பாதிரி வீட்டு வேலைக்காரன் எவனோ இறகுப் பேனா கிடைத்ததென்று கிறுக்கிப் பார்த்திருக்கிறான் என்று ஒரு நிமிடத்தில் முடிவு கட்டினேன். அதே ஓரத்தில் லத்தீனில் நான்கு சொல் இருந்திருந்தால், அகராதியும் கையுமாக ஒரு வாரம் உட்கார்ந்திருப்பேன். செங்கல்பட்டுக்கு ரயிலேறிப் போய்ப் பாதிரியாரிடம் காட்டியிருப்பேன். என் சொந்த எழுத்தில் இருந்ததால் அது எனக்கு அழுக்காகத் தெரிந்தது. வெளிநாட்டுப் பழம்புத்தகப் பட்டியல்களில் ‘ஓரங்கள் தூய்மை’ என்று போட்டிருப்பதைப் படித்துப் படித்து, தூய்மை என்றால் வெறுமை என்று பழகியிருந்தேன். மேடம் புதுக் கண்ணோடு வந்து பார்க்கும் முதல் தாள் பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற ஆசை வேறு. ஜாதகம் எழுதவில்லை. கை வைத்தேன்.

நிவேதா கேட்ட டெக்னிக் இதோ.

தையலை அவிழ்த்துத் தாளைத் தனியே எடுக்க வேண்டும். ஈரத்தில் தாள் தன் பாரத்திலேயே கிழியும் என்பதால், நைலான் கொசுவலைத் துணியை அளவாக வெட்டி, அதன் மேல் தாளைக் கிடத்தி, எனாமல் தட்டில் வெதுவெதுப்பான காய்ச்சி வடித்த நீரில் இறக்க வேண்டும். அரை மணியில் நீர் டீ நிறமாகும். கொட்டிவிட்டு மறு நீர். பிறகு பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளியவைத்து வடிகட்டிய நீர், மிக மெலிதாக. அச்சு மை கரி. அதைக் குளோரின் ஒன்றும் செய்யாது. கையெழுத்து மை கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும். அது கண்ணெதிரே கரையும். மஞ்சளாக ஒரு நிழல் மிஞ்சும், அது இரும்பு. அதற்கு ஆக்ஸாலிக் அமிலம். பிறகு நான்கு முறை நல்ல தண்ணீர். ஜெலட்டினைக் காய்ச்சி மெலிதாகப் பூசினால் தாளுக்கு முறுக்குத் திரும்பும். இரண்டு ஒற்றுத் தாள்களுக்கு நடுவே, பாரம் வைத்து, மூன்று நாள்.

பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு, ஜன்னலோரம் நின்று செய்தேன். ‘ரசம் நில்லாது’ என்பது முதலில் ஆரஞ்சாகி, பிறகு வைக்கோல் நிறமாகி, பிறகு இல்லாமல் போனது. நல்ல வேலை செய்யும்போது வரும் அமைதி இருந்ததே, அதுதான் இருந்தது. செய்த வேலை சுத்தமான வேலை. இன்று வரை அந்தத் தாளில் ஒரு சுருக்கம் கிடையாது.

அதன் பிறகுதான் ஜாதகம் எழுதினேன். ‘தாள் 47. வலது ஓரம் கறை இருந்தது, நீக்கப்பட்டது. கையெழுத்துக் குறிப்பு ஏதுமில்லை.’ கையெழுத்தும் போட்டேன்.

மேடம் வந்தார். புதுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். “பாலு, இது பேப்பரா, பட்டா?” என்றார். கண்காட்சியில் யார் வந்தாலும், “இது எங்க பாலு கை” என்றார். செய்தித்தாள் ஒன்றில் அந்த உலையின் படமும் வந்தது.

அந்தப் படத்தைக் கத்தரித்து வைத்திருந்த ஒருவர், நான்கு வருடம் கழித்து, எங்கள் வாசலில் வந்து நின்றார். குன்றத்தூரில் சித்த வைத்தியம் பார்க்கிறவர், பெயர் சிங்காரம். ஐம்பது வயதுக்குள் இருக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் மஞ்சள் பை. ஒற்றுத் தாளில் ஐந்து விரலையும் அழுத்தச் சொன்னபோது, “பத்திரம் பதியற மாரி கீதே சார்” என்று சிரித்தார்.

மேடத்தின் எதிரே உட்கார்ந்ததும் சிரிப்புப் போய்விட்டது.

“அம்மா, எங்க பாட்டனாருக்குப் பாட்டன், அவுருக்கும் மேல ஒருத்தரு, கடக்கரை ஊர்ல ஒரு பாதிரி வைத்தியரோட இருந்தாராம். அடுப்புப் படம் போட்ட புஸ்தகம் ஒண்ணு பாதிரிகிட்ட இருந்துச்சாம். அதுல ஓரத்துல எங்க ஆளு தன் கையால எழுதிப் பேரும் போட்டாராம். இது எங்க வூட்ல தலைமுறை தலைமுறையா சொல்லிகினு வர்ற கதை. பேப்பர்ல இந்த அடுப்பைப் பார்த்தேன். அதான் கேட்டுப் பாக்கலாம்னு.”

“என்ன எழுதினாராம்?”

“அது தெரியாதும்மா. எழுதினாருன்னுதான் தெரியும்.” கொஞ்சம் தயங்கினார். “சொந்தக்காரன் பூரா சிரிக்கிறான். கல்யாணம் கருமாதின்னு போனா, ‘வழி வுடுங்கடா, பாதிரிக்குப் பாடம் எடுத்த பரம்பர வருது’ன்றான். எனக்குப் பேரே பாதிரி சிங்காரம்தான். போவட்டும், எனுக்கு இன்னா. ஆனா எங்கப்பா சாவற வரிக்கும் சத்தியம் பண்ணிகினு இருந்தாரு. ஒருவாட்டி கண்ணால பாத்துட்டா போதும்.”

மேடம் என்னைப் பார்க்கவில்லை. அலமாரியில் இருந்த ஜாதகக் கட்டை எடுத்தார். உலைப் புத்தகத்தின் சீட்டுகளை முதலிலிருந்து கடைசி வரை, விரலை வைத்து, வரி வரியாகப் படித்தார். நான் மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். கால் மணி நேரம் ஆயிருக்கும். அந்தக் கால் மணியில் எந்த நொடியிலும் நான் வாயைத் திறந்திருக்கலாம்.

“இல்லைங்க வைத்தியரே. இந்தப் புத்தகத்துல எந்தத் தாள்லயும் கையெழுத்து இல்லை. இருந்திருந்தா இதுல இருக்கும்.”

“நல்லாப் பாருங்கம்மா. கண்ணுக்குத் தெரியாம, மங்கலா…”

“ஈ உக்கார்ந்த புள்ளி கூட இதுல எழுதியிருக்கு. எழுதினது இவர். பாலு எழுதலேன்னா அது இல்லை.”

அவர் மனம் வாடியதைப் பார்த்து மேடமே எழுந்து போய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். பஞ்சுத் தலையணை மேல் வைத்து நாற்பத்தேழாம் தாளைத் திறந்து காட்டினார். சிங்காரம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். வெள்ளையாக இருந்த வலது ஓரத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். அவருக்குள் இருந்த வைத்தியர் விழித்துக்கொண்டார்.

“இன்னா அடுப்பு இது! சட்டியோட வாய் தொறந்துகினு கீது. சீலமண்ணு எங்க? துணியில மண்ணு பூசி வாயக் கட்டாம எவனாச்சும் எரிப்பானா? இதுல ரசம் நிக்காதும்மா. எகிறிப் பூடும்.”

மேடம் சிரித்தார். “பாதிரி இருந்தா சொல்லலாம். முந்நூறு வருஷம் லேட்டா வந்துட்டீங்க.”

சீலை இல்லை, ரசம் நில்லாது. அதையேதான் சொல்கிறார், அதே வரிசையில். கிறுக்கல் அல்ல அது. தொழில் தெரிந்த ஒருவன் இன்னொருவனின் புத்தகத்தில் போட்ட திருத்தம். என் வேதியியல் பட்டத்துக்கும் லத்தீனுக்கும் தெரியாமல் போனது, படத்தைப் பார்த்த மாத்திரத்தில் இவருக்குத் தெரிந்துவிட்டது.

சிங்காரம் பையை எடுத்துக்கொண்டார். வாசல் வரை போய்த் திரும்பினார்.

“அப்போ எங்க ஆளுங்கதான் பொய் சொல்லிகினு இருந்துக்கறாங்க. இல்லம்மா?”

“அப்படி இல்லைங்க, வேற புத்தகமா இருக்கலாம்…” என்றார் மேடம்.

“வேற புஸ்தகம் எங்கம்மா போய்த் தேட? உடுங்க.”

அவர் போனபின் மேடம் சீட்டுகளை அடுக்கிக் கட்டினார். “நல்ல மனுஷன். கஷ்டமா இருக்கு. ஆனா இல்லாததை இருக்குன்னு சொல்ல முடியாது, இல்லையா பாலு?” என்றார். “ஆமாம் மேடம்” என்றேன்.

நான் ஏன் சொல்லவில்லை என்பதற்குக் காரணங்கள் தேடியிருக்கிறேன். வேலை போய்விடும் என்ற பயம் இல்லை. மேடம் அனுப்பியிருக்க மாட்டார். ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு சீட்டையும் அவர் தன் கண்ணால் சரிபார்த்திருப்பார். ‘பாலு எழுதலேன்னா அது இல்லை’ என்ற வாக்கியத்தை இன்னொரு முறை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். அந்த ஒரு வாக்கியத்தை இழக்க எனக்கு மனமில்லை. அதற்காக ஒரு குடும்பத்தையே பொய்யர்களாக்கினேன்.

தொண்ணூற்றெட்டில் மேடம் காலமானார். கடைசி வாரத்தில் ஒரு முறை என்னை அழைத்து, “ஜாதகமெல்லாம் சரியா இருக்கு, அதனால புத்தகங்களைப் பத்திக் கவலை இல்லை” என்றார். அப்போதும் தலையைத்தான் ஆட்டினேன். சேகரிப்பு அறக்கட்டளைக்குப் போனது, நானும் விலகிக்கொண்டேன்.

நிவேதா வந்துபோன மறுநாள் பல்லாவரம் போய்க் குன்றத்தூர் பஸ் ஏறினேன். அந்த வழி எனக்குப் புதிதல்ல. இந்த வருடங்களில் ஏழெட்டு முறை சிங்காரத்திடம் போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுவது என்று போவேன். “இன்னா சார் ஒடம்புக்கு?” என்பார். இருமல் என்பேன். லேகியத்தோடு திருநீர்மலை வழியாகத் திரும்பிவிடுவேன். அவர் மருந்து நல்ல மருந்து. இல்லாத இருமலுக்கு நிறையச் சாப்பிட்டிருக்கிறேன்.

இப்போது அவருக்கு எண்பதை நெருங்குகிறது. மலைக்கோயிலுக்குப் போகும் தெருவில் அதே சின்ன அறை, அதே பெஞ்சு.

“வா சார். இருமலா?”

“இருமல் இல்லை. இருமல் எப்பவுமே இல்லை.”

சொன்னேன். எல்லாவற்றையும், தட்டு, தண்ணீர், பிளீச்சிங் பவுடர் வரைக்கும். உரலில் எதையோ இடித்துக்கொண்டிருந்த அவர் கை நின்றது.

“இத்தினி வருசமா எங்கிட்ட லேகியம் வாங்கிகினு போனியே. அப்பல்லாம் வாய்ல இன்னா கொழுக்கட்டையா வெச்சிருந்த?”

அவர் உலக்கையைக் கீழே வைத்தார்.

“இன்னா எழுதியிருந்துச்சு? இன்னொரு வாட்டி சொல்லு.”

“சீலை இல்லை. ரசம் நில்லாது.”

“இன்னொரு வாட்டி.”

சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். உதடு அசைந்தது. “நான் அன்னிக்கு அந்தம்மாகிட்ட இதானே சொன்னேன்?”

“அதையேதான்.”

“எழுத்து எப்டி இருந்துச்சு? பெரிசா, சின்னதா?”

“சின்னது. நெருக்கமா. தெளிவான கை.”

“பேரு?”

“நாலாவது வரியில இருந்தது. நான் படிக்கலை.”

தெருவில் காவடிக்கூட்டம் ஒன்று மேளத்தோடு போனது. அது மலையடிக்குப் போய்ச் சேரும் வரை அவர் காத்திருந்தார்.

“எழுதிக் குடு சார்” என்றார். “நீ வாயால சொல்லிட்டுப் போனா, அதுவும் எங்க பாட்டன் கதை மாரிதான் ஆவும். பேத்தி கல்யாணம் வருது. எல்லா நாயும் வரும். எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடு. பேரு படிக்கலன்றதையும் எழுது. எனுக்காவ எதுனா ஒரு பேரப் போட்டு வெச்சிடாத.”

போட மாட்டேன் என்றேன்.

பழைய சீட்டை அடித்துத் திருத்தக் கூடாது, புதுச் சீட்டு எழுதிப் பழையதோடு சேர்த்துக் கட்ட வேண்டும் என்பது மேடத்தின் விதி. அதன்படி மூன்று படி எழுதியிருக்கிறேன். ஒன்று குன்றத்தூருக்கு. ஒன்று நிவேதாவுக்கு, ஜாதகக் கட்டில் சேர்க்க. மூன்றாவது படி இங்கே:

உலைப் புத்தகம். தாள் 47, வலது ஓரம். இந்தத் தாள் வந்தபோது தமிழ்க் கையெழுத்து நான்கு வரி இருந்தது. கடுக்காய் மை. பழைய எழுத்து, பழகிய கை. முதல் வரி: கறையால் படிக்க முடியவில்லை. இரண்டாம் வரி: சீலை இல்லை. மூன்றாம் வரி: ரசம் நில்லாது. எழுதியவர் உலைத் தொழில் அறிந்தவர். அவர் சொன்னது சரி. நான்காம் வரி: எழுதியவர் பெயராகத் தோன்றியது. படிக்கும்படி இருந்தது. படிக்கவில்லை. நான்கு வரிகளையும் கழுவி நீக்கியவரும், முன் சீட்டில் ‘ஏதுமில்லை’ என்று பொய் எழுதியவரும் கீழே கையெழுத்திட்டிருப்பவரே.

பாலசுப்பிரமணியம்.